மேயர் அண்ணை என்ற பெயர்

மோர்டன்,
ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஜதுர்ஷிகாவுக்கு,

நானும் அம்மாவும் இங்கே நடமாட்டத்தோடு சுகமாக இருக்கிறோம். அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்றாய், நீ தடிமன் இருமல் ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் இதை எழுதத் தொடங்குகிறேன். அம்மாவின் முழங்கால் முன்பு போல இல்லை, படி ஏறும்போது கைபிடியைப் பிடிக்காமல் ஏறிக் காட்டுகிறார், நான் பார்க்காத நேரத்தில் பிடித்துக்கொள்கிறார். இங்கே இரண்டு கிழமையாக நல்ல வெயில். வெலிங்டன் காற்று கொடுமையானது என்று அம்மா யாரிடமோ கேட்டுவிட்டு வந்து கவலைப்படுகிறார், ஆகையால் கழுத்து மூடுகிற மாதிரி ஒரு கோட் வாங்கிப் போட்டு அதைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிடு, அதோடு அந்தக் கவலை தீரும்.

போன ஞாயிறு நீ கோல் எடுத்தபோது நான் இரண்டு வார்த்தை கதைத்துவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், அப்பாவுக்கு என்ன, கோபமா என்று நீ கேட்டதாக அம்மா சொன்னார். கோபம் இல்லை. அம்மா குசினியில் நிற்கும்போது சொல்லக்கூடிய விஷயமாக அது இருக்கவில்லை, அதனால் கடிதமாக எழுதுகிறேன். ராசா சித்தப்பா மேயராகிய மறுநாள் நீ டவுன் ஹோலுக்கு ஒரு பூங்கொத்து அனுப்பியிருந்தாய். அதைக் கீழே வரவேற்பு மேசையிலிருந்து மூன்றாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனது நான்தான். எங்கள் சித்தப்பாவுக்குப் பெருமையோடு ஜது என்று அட்டையில் இருந்ததை லிஃப்டுக்குள் வாசித்தேன். சாடி தேடித் தண்ணீர் ஊற்றி அவருடைய ஜன்னலோரம் வைத்ததும் நான்தான். பதினான்கு வருடமாக அந்தக் கட்டடத்தில் வேலை செய்கிறேன், எனக்கென்று ஒரு பூ வந்ததில்லை. நீ பிழை செய்தாய் என்று எழுதவில்லை பிள்ளை, சின்ன வயதிலிருந்து உன்னைத் தோளில் வைத்துத் திரிந்த மனிதர், நீ அனுப்பாமல் யார் அனுப்புவது. ஆனால் எனக்குப் பொறாமை வந்தது. இந்தச் சொல்லை எழுத எனக்கு மூன்று நாள் எடுத்தது.

உனக்குக் கொஞ்சம் தெரியும், முழுக்கத் தெரியாது. உன் சித்தப்பா கிருஷ்ணராசா இந்த நாட்டுக்கு வந்தது தொண்ணூற்றொன்று கார்த்திகையில், நீ பிறக்கவில்லை. கோலியர்ஸ் வுட்டில் எங்கள் பழைய ஃபிளாட்டின் ஹோலில் பதினான்கு மாதம் படுத்தார். குடிவரவைப் பார்க்கிற ஹோம் ஒஃபிசிலிருந்தும் கவுன்சிலிலிருந்தும் வருகிற கடிதம் ஒவ்வொன்றையும் குசினி மேசையில் வைத்து நான்தான் வாசித்து விளங்கப்படுத்தினேன். நான் வேலை செய்த பெற்றோல் ஸ்டேஷனிலேயே சொல்லி அவரைச் சேர்த்து, காசு வாங்குகிற டில்லில் நிற்பது எப்படி என்றும் காட்டிக் கொடுத்தேன். பிறகு அவர் சொந்தமாகக் கடை போட்டார், நன்றாகவே வந்தார், அதில் எனக்கு ஒரு எரிச்சலும் இருந்ததில்லை. இரண்டாயிரத்து ஒன்பதில் கட்சிக்காரர் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, தமிழ் ஆட்களுக்கு உங்களைத்தான் தெரியும், கவுன்சிலர் தேர்தலில் நிற்கிறீர்களா என்று என்னைத்தான் கேட்டார்கள். நான் இரவு ஷிப்ட் செய்துகொண்டிருந்தேன், உனக்கு அடுத்த வருடம் ஜி.சி.எஸ்.ஈ. சோதனை, எனக்கு நேரமில்லை, ராசாவைக் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லி அவருடைய கடை விலாசத்தை நானே எழுதிக் கொடுத்தேன். அந்தத் துண்டை எழுதிய பேனையின் நிறம்கூட இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அடுத்த வருடம் அவர் வென்றார். அதற்கு அடுத்த வருடம் எனக்கு மேயருடைய உதவியாளர் வேலை கிடைத்தது, கார் ஓட்டுவதும் கூட்டங்களில் செங்கோலைத் தூக்கிக்கொண்டு மேயருக்கு முன்னால் நடப்பதும்தான் வேலை. கவுன்சிலில் சம்பளம் எடுப்பவன் அதே கவுன்சிலில் தேர்தலுக்கு நிற்க முடியாது, அதோடு அந்தக் கதவு எனக்கு மூடிவிட்டது.

அதைப் பற்றி நான் கவலைப்பட்டதும் இல்லை, ஏனென்றால் எனக்கு வேறொரு பட்டம் கிடைத்தது. நான் மேயரின் கறுப்புக் காரில் வந்து இறங்குவதைப் பார்த்துப் பார்த்து நம்முடைய ஆட்கள் என்னை மேயர் அண்ணை என்று கூப்பிடத் தொடங்கினார்கள். கோயிலில் அன்னதான வரிசையில் நின்றால் மேயர் அண்ணைக்கு இடம் விடுங்கோ என்பார்கள். தமிழ்க் கடையில் முருங்கைக்காய் வாங்கினால் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கித் தருவார்கள். பகிடிக்குச் சொன்னதுதான், ஆனால் அநேகமாக வருடத்துக்கு ஒருவராக மாறிய பதின்மூன்று மேயர்மாருக்கு முன்னால் நடந்தபோது அந்தப் பகிடியை நான் மனதுக்குள் உடுப்புப் போல உடுத்திக்கொண்டிருந்தேன் என்பது இப்போதுதான் எனக்கே தெரிகிறது.

மேயர் பதவியேற்ற அன்று நீ இங்கே இல்லாதது நல்லது. சிவப்பு அங்கியை மேயருக்குப் போட்டுவிடுவது என் வேலை. தங்கச் சங்கிலி நழுவாமல் இரண்டு தோளிலும் கொளுவி விடுவதும் என் வேலை. ராசா கண்ணாடிக்கு முன்னால் அசையாமல் நின்றார், நான் கொளுக்கியை இரண்டு தரம் பிழையாக மாட்டினேன், பயப்படாதேங்கோ அண்ணை என்று அவர் எனக்குச் சொன்னார். எனக்குப் பயமில்லை. நான் வெள்ளைக் கையுறையைப் போட்டுக்கொண்டு செங்கோலைத் தோளில் சாத்தினேன், சபைக்கு முன்னால் நடந்தேன், மேயருக்காக எல்லோரும் எழுந்து நில்லுங்கள் என்று பதின்மூன்று பேருக்குச் சொன்னதைப் பதினாலாவதாக அவருக்கும் சொன்னேன். குரல் சரியாகத்தான் வந்தது என்று அம்மா சொன்னார்.

பிறகு அவர் பேசினார். ஒவ்வொரு மேயரும் முதல் நாள் நிறைய ஆசைகள் சொல்வார்கள், நான் பின்னால் நின்று கேட்டுக் கேட்டுப் பழகியவன், ஆடி மாதம் வருவதற்குள் ரிப்பன் வெட்டுவதிலும் படம் எடுப்பதிலும் அது முடிந்துவிடும். ராசா சொன்னது வேறு மாதிரி இருந்தது. இந்த ஒரு வருடமும் ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் லைப்ரரியில் ஒரு மேசை போட்டு இரண்டு மணித்தியாலம் இருப்பேன், கவுன்சில் கடிதமோ ஹொஸ்பிட்டல் கடிதமோ, விளங்காததை யாரும் கொண்டு வரலாம், கூட இருந்து வாசித்துச் சொல்வேன், பெரிதாக ஒன்றும் கட்டப் போவதில்லை, கடிதத்துக்குப் பயந்து திறக்காமல் வைத்திருக்கிற ஒரு வீடும் இந்த ஊரில் இருக்கக்கூடாது, அதுதான் என் ஆசை என்றார். நான் வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு மனிதர் தன் குசினி மேசையில் வைத்து என் கடிதங்களை எனக்கு வாசித்தார், அதை மறக்கவில்லை என்றும் சொன்னார். சபை முழுக்கக் கை தட்டியது. மேலே பார்வையாளர் வரிசையில் அம்மா கண்ணைத் துடைத்தார். நான் அவருக்குப் பின்னால் ஆறடி தூரத்தில் நிற்கிறேன் ஜது. ஒரு மனிதர் என்று சொன்னார். பெயர் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கீழே தேநீர் விருந்து. கலாவதிச் சித்தி வடையும் பற்றிஸும் செய்து கொண்டு வந்திருந்தார், கையில் தந்தார், எனக்கு இறங்கவில்லை. கோயில் தலைவர் தன் போனை என்னிடம் நீட்டி, மேயரோடு நிற்கிறோம், ஒரு படம் எடுத்துவிடுங்கோ மேயர் அண்ணை என்றார். சொல்லிவிட்டுத் தானே சிரித்து, இனி உங்களை அப்படிக் கூப்பிட ஏலாது, சொந்தக்காரன் வந்துவிட்டான் என்றார். எல்லோரும் சிரித்தார்கள், ராசாவும் சிரித்தார். நான் படம் எடுத்துக் கொடுத்தேன், அதில் ஒருவருக்கும் தலை வெட்டுப்படவில்லை.

அந்தக் கிழமை முழுக்க நான் வேலைக்காரன் மாதிரியே நடந்துகொண்டேன், வேண்டுமென்றேதான். காரில் ராசா என்று கூப்பிடச் சொன்னார், நான் மிஸ்டர் மேயர் என்றேன். அவர் வீட்டிலிருந்து பஸ்ஸில் டவுன் ஹோலுக்கு வருகிறார், காரைத் தேவைக்கு மட்டும் எடுக்கிறார் என்று ஒஃபிசில் எல்லோரும் மெச்சினார்கள், முப்பது வருடம் நான் பஸ்ஸில் போனேன், ஒருவரும் மெச்சவில்லை என்று அம்மாவிடம் வந்து புறுபுறுத்தேன். இதெல்லாம் சின்ன விஷயம். அடுத்த வெள்ளிக்கிழமை நடந்தது சின்ன விஷயம் இல்லை.

ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் வாசலில் மோரீன் என்று ஒரு பெண், பிள்ளைகளை ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடத்திவிடுகிற லொலிபொப் அம்மா, முப்பத்தொரு வருடம் வேலை செய்து அன்றோடு ஓய்வு பெறுகிறார். ஒரு கிழமை ஹாஃப் டேர்ம் விடுமுறைக்கு முந்திய நாள். மூன்றேகாலுக்குப் பள்ளிக்கூடம் விடும்போது மேயர் வந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அவருக்கு நன்றி சொல்வதாக ஏற்பாடு. நேர்வழியில் காஸ் குழாய்க்கு ரோட்டை வெட்டிப் போட்டிருந்தார்கள், ஒரு பக்கம் மாறி ஒரு பக்கம்தான் வாகனத்தை விட்டார்கள். அது எனக்குத் தெரியும். முதல் நாள் அங்கிகளைச் சலவைக்குக் கொடுக்கப் போனபோது அதில்தான் இருபது நிமிடம் நின்றேன். தெரிந்துகொண்டும் வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம்தான் காரைத் திருப்பினேன். ஏன் என்று கேட்டால், அவர் பிந்திப் போய் நின்று முழிக்கிறதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான், வேறு காரணம் சொல்ல என்னிடம் இல்லை. பின்னால் இருந்தவர், பின் ரோட்டால் போனால் கெதியாகப் போகலாம் போல கிடக்கு அண்ணை என்று மெதுவாகச் சொன்னார். பதினாலு வருசமா நான்தான் இந்த ஊருக்குள்ள ஓடுறன் மிஸ்டர் மேயர் என்றேன். 

நாங்கள் போய்ச் சேர மூன்றே முக்கால். மழையும் பிடித்துவிட்டது. முற்றத்தில் ஒரு பிள்ளை இல்லை. இருபது நிமிடம் பிள்ளைகளைப் பிடித்து வைத்துப் பார்த்தோம், பெற்றோர் நனைந்துகொண்டு நின்றார்கள், அனுப்பிவிட்டோம் என்று தலைமையாசிரியை சொன்னார். பிள்ளைகள் வரைந்த நீளத் துணி ஒன்று கம்பி வேலியில் தொங்கி மை கரைந்துகொண்டிருந்தது. மோரீன் மஞ்சள் கோட்டோடு, தலைமயிர் ஒழுங்காகச் சீவி, உதட்டுச் சாயம் பூசி, அந்த வட்டப் பலகைத் தடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பரவாயில்லை, மழை யார் கையில் இருக்கிறது என்று எங்களுக்கு ஆறுதல் சொன்னார். ராசா அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். நான் ஒஃபிசில் ஒரு வேலையில் மினக்கெட்டுப் பிந்திவிட்டேன், முழுக்க என் பிழை என்றார். நான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்று அந்தப் பொய்யைக் கேட்டேன். அவர் முழிக்கிறதைப் பார்க்க வந்தவன், மோரீனுடைய முகத்தைத்தான் பார்க்க வேண்டி வந்தது.

அன்று பின்னேரம் அம்மாவிடம் சொன்னேன். அவர் ஏசுவார் என்று நினைத்தேன். போய் அவரிட்டச் சொல்லுங்கோ என்று மட்டும் சொல்லிவிட்டு உடுப்பு மடிக்கப் போய்விட்டார். சனிக்கிழமை லைப்ரரிக்குப் போனேன். மேசைக்கு முன்னால் ஏழு பேர் வரிசையாகக் கதிரையில் இருந்தார்கள், நானும் எட்டாவது ஆளாக இருந்தேன். ராசா என்னைக் கண்டுவிட்டார், ஆனால் முறைப்படியே ஒவ்வொருவராகக் கூப்பிட்டார், சங்கிலி கிங்கிலி ஒன்றும் இல்லை, சேட்டுக் கையை மடித்துவிட்டிருந்தார். என் முறை வந்து முன்னால் இருந்ததும், அந்த ரோட்டு வெட்டிக் கிடந்தது எனக்கு முதலே தெரியும் ராசா என்றேன்.

“தெரியும் அண்ணை. வியாழக்கிழமை நீங்கள் வந்து ஒஃபிசில அந்த ரோட்டைப் பற்றிச் சொல்லிப் பேசினதை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்” என்றார்.

பிறகு ஏன் பொய் சொன்னாய் என்றேன். அந்த மனிசிக்கு முன்னால் உங்களைக் காட்டிக் குடுக்கிறதே என்று திருப்பிக் கேட்டார். அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு குளிர்ந்தது என்று எழுத ஆசைதான், ஆனால் இன்னும் எரிந்தது. நல்லவனாக இருப்பதிலும் என்னை முந்திவிட்டாரே என்று எரிந்தது. அந்த எரிச்சலில்தான் கேட்கக் கூடாததையும் கேட்டேன். அன்றைக்குப் பேச்சில் என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் கையிலிருந்த பேனையை மேசையில் வைத்தார்.

“எழுதி வச்சிருந்தனான் அண்ணை, வாசிக்கேக்கை விட்டுட்டன். பதினாலு வருசமாச் சனம் உங்களைத்தான் மேயர் அண்ணை எண்டு கூப்பிடுது. நான் வோட்டுக் கேட்டுப் போற வீட்டிலயும் உங்களைத்தான் சுகம் விசாரிப்பினம். அண்டைக்கு உங்கட பேரைச் சொன்னால் எல்லாரும் உங்களைத்தான் பாத்திருப்பினம். ஒரு நாளைக்காவது என்னைப் பாக்கட்டும் எண்டு நினைச்சன். பிழைதான்.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னைப் பார்த்தும் ஒருவன் இத்தனை வருடம் எரிந்திருக்கிறான் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது, அதை உனக்கு மறைக்காமல் எழுதுகிறேன். அதற்குள் பின்னால் இருந்த ஒரு சோமாலியப் பெண் தன்னுடைய முறை எப்போது என்று கேட்டார். நான் எழும்பி இடம் கொடுத்தேன். அவருடைய கடிதம் வீட்டு வாடகைக்கு அரசாங்கம் தருகிற பெனிபிட் பற்றியது, ராசா இரண்டாம் பக்கத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டு சொன்னார், அவர் சொன்னபடி அந்தப் பெண் செய்தால் பெனிபிட் நின்றுபோகும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. ஒரு கதிரையை இழுத்து மேசைக்கு அந்தப் பக்கம் அவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு கடிதத்தை வாங்கினேன். அன்றிலிருந்து நானும் சனிக்கிழமை போகிறேன். வேலை நேரம் இல்லை, என் சொந்த நேரம், ஆகையால் ஒஃபிசிலும் ஆட்சேபனை இல்லை. என் பக்கம் எத்தனை பேர் வருகிறார்கள் என்று அவர் ஓரக்கண்ணால் பார்க்கிறார், அவர் பக்கத்தை நான் பார்க்கிறேன். நேற்று அவருக்குப் பதினொரு பேர், எனக்குப் பதினான்கு. இந்தப் போட்டியால் ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை, முன்பு நிற்கிற நேரத்தைவிட அரை மணித்தியாலம் கூட நிற்கிறோம்.

விடுமுறை முடிந்து திங்கட்கிழமை காலை மோரீன் இன்னும் ஒரே ஒரு நாள் வந்து நிற்க, ராசா தலைமையாசிரியையிடமும் அவரிடமும் கேட்டுச் சம்மதிக்க வைத்தார். நான் பின் ரோட்டால் ஓடி அரை மணித்தியாலம் முன்னுக்கே கொண்டுபோய் விட்டேன். ராசா சிவப்பு அங்கியோடு ரோட்டில் இறங்கப் பார்த்தார், வருகிற கார்கள் இன்னும் நிற்கவில்லை, நீ முதலில் நடைபாதையில் நில் என்று மோரீன் மேயரையே அதட்டினார். பிள்ளைகள் ஓடி வந்து மோரீன் மோரீன் என்று கத்தி அவருடைய மஞ்சள் கோட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள், தாய்மார் அழுதார்கள், ஒரு தகப்பன் சின்ன வயதில் தன்னையும் இவர்தான் ரோட்டைக் கடத்திவிட்டவர் என்று மகளுக்குச் சொன்னார். ராசா எழுதிக்கொண்டு வந்த பேச்சை வாசிக்க இடமே கிடைக்கவில்லை. நானும் அவரும் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தோம், எங்கள் இரண்டு பேரையும் அங்கே ஒருவரும் பார்க்கவில்லை. நல்லா இருக்கு என்ன அண்ணை என்றார். ஓம் என்றேன். திரும்பி வரும்போது காரில் ராசா என்றுதான் கூப்பிட்டேன்.

என் பொறாமை போய்விட்டது என்று எழுத மாட்டேன். நாளைக்குக் கோயிலில் யாராவது அவரை மேயர் அண்ணை என்று கூப்பிட்டால் எனக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் அதை வைத்துக்கொண்டு காரைத் தவறான பக்கம் திருப்ப மாட்டேன், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். இதெல்லாம் நான் எழுதியதாக நீ சித்தப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே. அம்மாவிடம் கேட்டால் கடிதத்தில் வெலிங்டன் காற்றைப் பற்றித்தான் எழுதியிருந்தேன் என்று சொல்லு.

வேளைக்குச் சாப்பிடு, ஹீற்றரைப் போட்டுவிட்டு நித்திரை கொள்ளாதே, நெருப்பு அலாரத்துக்கு பற்றறி மாற்று. எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, நோய் நொடி இல்லாமல், நல்ல மனிதர்களுக்கு நடுவில் நீ நீண்ட காலம் வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் நாள்தோறும் கும்பிடுகிறோம்.

ஒன்று மட்டும் ஞாபகமாக வைத்துக்கொள். மார்கழியில் நீ வரும்போது எங்கள் வீட்டில்தான் நிற்க வேண்டும். தங்களிடம் பெரிய அறை சும்மா கிடக்கிறது, பிள்ளை வசதியாக இருக்கட்டும் என்று கலாவதிச் சித்தி இப்போதே அம்மாவிடம் கேட்டுவிட்டார். நல்ல மனதோடு கேட்டிருக்கிறார், எனக்குத் தெரியும். நான் நேற்றுப் பின்னேரமே நம் சின்ன அறைக்கு இரண்டாவது தடவையும் பெயின்ட் அடித்து முடித்துவிட்டேன்.

என்றும் உன் அன்புள்ள அப்பா,
ஸ்ரீஸ்கந்தராஜா